பஞ்சு வைத்த பேச்சுவார்த்தை

பேசாதீர்கள் தம்பி. பஞ்சை நன்றாகக் கடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்து உட்காருங்கள். அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டரம்மா உங்களிடமும் சொல்லியிருப்பார். கீழ் வரிசையா, மேல் வரிசையா? வேண்டாம், சொல்லாதீர்கள். கன்னத்தைப் பார்த்தாலே தெரிகிறது, கீழ் வரிசைதான். எப்போதும் கீழ் வரிசைக்காரனுக்குத்தான் வீக்கம் அதிகம். இதை நான் பல்லுக்காக மட்டும் சொல்லவில்லை.

நான் தையல் பிரிக்க வந்திருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை உள்ளே அதே நாற்காலியில் எனக்கும் ஒன்றை எடுத்தார்கள். என் பெயர் சொரிமுத்து. தோழர் சொரிமுத்து. கேள்விப்பட்டிருப்பீர்கள். இல்லையா? தலையை ஆட்டாதீர்கள், ரத்தம் கசியும். வெளியூர்க்காரராக இருப்பீர்கள். உள்ளூராக இருந்தால் என்னைக் கண்டதும் எழுந்து தூரத்து நாற்காலிக்குப் போயிருப்பீர்கள். இங்கே எனக்கு அவ்வளவு மரியாதை.

பஞ்சாலை வாசலில் நின்று ஆயுள் முழுக்கப் பேசியவன் நான். ஆலையை மூடி வெகுகாலம் ஆகிறது. நான் இன்னும் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. மற்றதெல்லாம் துண்டுப் பிரசுரத்தில் படித்தது. கல்லூரிக்காரர்கள் எத்தனையோ பேர் என்னோடு வாதாடிப் பார்த்தார்கள், ஒருவரும் ஜெயித்ததில்லை. அவர்களுக்கு நடுவில் மூச்சு வாங்கும். எனக்கு வாங்காது.

பல் கதைக்கு வருகிறேன். ஆனால் பல் கதை என்று தனியாக ஒன்று கிடையாது தம்பி. வழிப் பிரச்சினையைச் சொன்னால்தான் பல் விளங்கும்.

ஆலைக்குப் பின்னால் லைன் வீடுகள் இருக்கின்றன. ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள். அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு வர ஒரே ஒரு சந்து, ஆலை மதிலை ஒட்டி. ஆலை நிலத்தை இப்போது ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். சந்தும் எங்கள் இடம்தான், சுவர் வைத்து அடைப்போம் என்கிறார்கள். அடைத்தால் லைன் வீட்டுக்காரன் கால்வாயைச் சுற்றிக்கொண்டு ஊருக்கு வர வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் முடியாது.

சந்தின் வாயில் எங்கள் சங்க அறை. வேலைநிறுத்தத்தின்போது நாங்களே கல் சுமந்து கட்டியது. கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கும். கொஞ்சம்தான். ஆம்புலன்ஸ் உள்ளே வராது, அவ்வளவுதான். பேச்சியம்மாளின் மருமகளுக்குப் பிரசவ வலி கண்டபோது நாற்காலியில் உட்கார வைத்துத்தான் ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். நானும் கூடவே போனேன். தூக்கவில்லை. கோஷம் போட்டேன்.

பேச்சியம்மாள் யாரென்று சொல்ல வேண்டும். ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தவள். இப்போது சங்கத்தின் துணைச் செயலாளர். நல்ல உழைப்பாளி. கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது, நாற்காலி போடுவது, டீ சொல்வது எல்லாம் அவள்தான். பெயரில்தான் பேச்சு. மேடையில் பேசியதே இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் நோட்டீசில் அவள் பெயரும் இருக்கும், ஆனால் நான் முடிக்கும்போது மைக் செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பார். அவள் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்.

சந்து விஷயமாகத் தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை வைத்தார்கள். முதல் சுற்றில் நான் ஆலை எப்படி வந்தது என்று ஆரம்பித்தேன். அஸ்திவாரம் இல்லாமல் வீடு கட்ட முடியுமா? கட்டடம் எழும்பி, இயந்திரம் வந்து, நான் வேலைக்குச் சேரும் இடத்துக்கு வருவதற்குள் தாசில்தாருக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. சந்துக்கு வரவே இல்லை. திட்டமிட்டு நேரத்தைக் கடத்திவிட்டார்கள்.

இரண்டாம் சுற்றில் கம்பெனி மேனேஜர் வைத்தீஸ்வரன் எடுத்த எடுப்பிலேயே, "சைக்கிள், பைக் போற அளவுக்கு வழி விட்டுடறோம் சார்" என்றான். நான் விடுவேனா? சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினேன். நிதானமாக விளக்கினேன். பாதியிலேயே அவன் பைலை மூடிக்கொண்டு எழுந்து ஓடிவிட்டான். ஓட ஓட விரட்டினேன் தம்பி!

வெளியே வந்தபோது லைன் வீட்டுப் பெண்கள் யாரும் கைதட்டவில்லை. பேச்சியம்மாள் மட்டும் பக்கத்தில் வந்து, "சலுகையிலயும் சைக்கிள் போகுமே அண்ணாச்சி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வர்க்க உணர்வு படிப்படியாகத்தான் வரும். கோபிக்கக் கூடாது.

மூன்றாம் சுற்றுதான் கடைசி என்று தாசில்தார் சொல்லிவிட்டார். அதிலும் முடியாவிட்டால் திங்கட்கிழமை சுவர். செங்கல் வந்து இறங்கியும் விட்டது. அந்த வாரம் பார்த்தா இந்தப் பல்?

வலி புதிதல்ல. ஆறு மாதமாக விட்டு விட்டு வலித்தது. கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், கொய்யா இலையை மென்றேன். ஒருவர் சொன்னாரென்று புகையிலையை அடக்கினேன், தலை சுற்றியதுதான் மிச்சம். டாக்டரிடம் மட்டும் போகவில்லை. அதற்குக் காரணம் உண்டு. முன்பு எங்களை விட்டுப் பிரிந்து போய் வடக்குச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார் ஒரு ஆள். பெயர் சொல்ல விரும்பவில்லை. பரமசிவம். அவரைப் பற்றி நான் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினேன். தலைப்பு, கொட்டை எழுத்தில், 'பல் பிடுங்கிய பாம்பு'. ஊரெல்லாம் அதே பேச்சு. அவர் கடைசி வரை டீக்கடைப் பக்கம் தலை காட்டவில்லை. அப்படி எழுதிய கையோடு நான் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தால் வடக்குக்காரர்கள் சும்மா விடுவார்களா?

ஆனால் அந்த வாரம் 'தோழர்களே' என்று ஆரம்பித்தால் 'தோ'விலேயே மின்னல் வெட்டியது. 'அன்பர்களே' என்று தொடங்கிப் பாருங்கள் என்றார் ஒருவர். 'அ'வுக்கு வாயை இன்னும் பெரிதாகத் திறக்க வேண்டியிருக்கிறது.

பேச்சியம்மாள்தான் ஓடி ஓடி வந்தாள். "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தாலுகா ஆபீசு. இந்த வலியோட எப்படிப் பேசுவீய அண்ணாச்சி? காலையிலேயே போயி பல்லை எடுத்துட்டா, பதினோரு மணிக்குச் சிங்கம் மாதிரி நின்னு பேசலாம்லா?"

"வியாழக்கிழமையே எடுத்துவிட்டால் என்ன?"

"வியாழக்கிழமை டாக்டரம்மாவுக்கு நேரமே இல்லையாம்."

வியாழக்கிழமை நான் இந்தப் பக்கமாகத்தான் போனேன். டாக்டரம்மா அதோ அந்த வாசலில் நின்று வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை. நான் தப்பாக நினைக்கவில்லை. டாக்டரும் உழைக்கும் மனுஷிதானே? ஓய்வு வேண்டாமா? அவரும் பேச்சியம்மாளின் மகளும் ஒன்றாகப் படித்தவர்களாம். அதனால் வெள்ளிக்கிழமை முதல் ஆளாகப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இந்தக் காலத்தில் யார் அப்படி உதவுகிறார்கள்?

நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். அங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். எதிராளி முன்னால் போகும்போது வயிறு நிறைந்திருந்தால் சமரச புத்தி வரும். இது என் அனுபவம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் எத்தனை உண்ணாவிரதம் இருந்திருக்கிறேன்! அதனால் வியாழக்கிழமை மதியத்திலிருந்தே பச்சைத் தண்ணீர்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா ஊசியைக் கையில் எடுத்தார். எழுந்து நின்று, கண்ணை மூடி, தரையில் அமர்ந்தேன். மயக்கம் என்று சிலர் சொல்லக்கூடும். இல்லை.

"என்ன சாப்பிட்டீங்க ஐயா காலையில?" என்றார் டாக்டரம்மா.

"கொள்கைப்படி எதுவும் சாப்பிடவில்லை" என்றேன்.

"யம்மா, இவரைக் கூட்டிட்டுப் போயி ஏதாவது குடுங்க. பல்லு எங்கயும் ஓடிடாது."

பேச்சியம்மாள் எதிர்க்கடையிலிருந்து எலுமிச்சைச் சாறு வாங்கி வந்து என் வாயருகே நீட்டினாள். பழக்க தோஷம் தம்பி, போட்டோக்காரர் எங்கே நிற்கிறார் என்று தேடினேன். பிறகு நாலு இட்லி. இங்கே, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் சாப்பிட்டேன்.

மறுபடி உள்ளே போனோம். நான் முடிவாகச் சொல்லிவிட்டேன். "டாக்டரம்மா, இந்தப் பல் என்னோடு ஐம்பது வருடமாக இருக்கிறது. விசாரணை இல்லாமல் வேலைநீக்கம் செய்ய நான் ஒப்பமாட்டேன். அதன் மேல் என்ன குற்றச்சாட்டு?"

அந்தப் பெண் அசரவில்லை. கையில் கண்ணாடிக் குச்சியைப் பிடித்துக்கொண்டு, "இது ஞானப்பல் ஐயா" என்றார்.

"ஞானம் பல்லில் வராது. அது மூடநம்பிக்கை."

"சரி, கடைசிக் கடைவாய்ப் பல்லு. எல்லாப் பல்லும் வந்து வேலை பார்க்க ஆரம்பிச்ச பிறகு லேட்டா வந்தது. இது வரைக்கும் ஒரு சோத்துப் பருக்கையை மென்னது கிடையாது. படுத்துக்கிட்டே பக்கத்துப் பல்லைத் தள்ளிக்கிட்டு இருக்கு. இப்ப அதையும் சொத்தையாக்கிடுச்சு."

"லேட்டாக வந்து, வேலை செய்யாமல், படுத்துக்கொண்டு மற்றவனைத் தள்ளுகிறதா? அப்படியானால் அது தொழிலாளி இல்லை அம்மா. மேஸ்திரி. எடுங்கள்."

எடுத்தார்கள். ஊசி எறும்பு கடித்த மாதிரி என்றார்கள், எந்த எறும்பு என்று சொல்லவில்லை. பிறகு தாடை மரத்துப் போய்விட்டது. கீழ் உதடு என்னுடையதா, அடுத்த வீட்டுக்காரருடையதா என்று தெரியவில்லை. உங்களுக்கும் இப்போது அப்படித்தானே இருக்கிறது? கை வைத்துப் பார்க்காதீர்கள். வாயைப் பிளக்க வைத்துவிட்டு டாக்டரம்மா என்னிடம் கேள்வி கேட்கிறார்: "பிள்ளைங்க எத்தனை பேரு? எங்க இருக்காங்க?" பதில் சொல்ல முடியாத நிலையில் நிறுத்திக் கேள்வி கேட்பது ஆலை நிர்வாகத்தின் பழைய உத்தி. இவர்கள் எங்கே கற்றார்களோ. நடுவில் ஒரு சத்தம், மரக்கிளை முறிகிற மாதிரி. பேச்சியம்மாள் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பிடிக்கவில்லை, அவள்தான் பிடித்தாள். மறுநாள் பார்த்தால் அவள் விரல் வீங்கியிருந்தது. பாவம்.

தையல் போட்டு, பஞ்சை வைத்து, அரை மணி நேரம் கடித்திருங்கள், துப்பக் கூடாது, இன்றைக்கு அதிகம் பேசக் கூடாது என்றார் டாக்டரம்மா. பேசக் கூடாது என்றதும் நான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். இதை முன்பே யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவள் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாலுகா ஆபீசுக்கு ஆட்டோவில் போகும்போது அரை மணி நேரம் ஆகியிருக்கும். பஞ்சை எடுக்கப் போனேன். தடுத்துவிட்டாள்.

"அரை மணி நேரம் சாதாரண ஆளுக்கு அண்ணாச்சி. உங்க வாயி உழைச்ச வாயி. பேச்சுவார்த்தை முடியிற வரைக்கும் இருக்கட்டும்."

என் வாயைப் பற்றி யாரும் அவ்வளவு உயர்வாகச் சொன்னதில்லை. விட்டுவிட்டேன். அவள் மஞ்சள் பையில் ஒரு முழுச் சுருள் பஞ்சு இருந்தது. முன்யோசனைக்காரி. ஆபீஸ் வாசலில் பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தாள். டாக்டர் வைத்ததைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை. வாழ்நாள் முழுக்கப் பஞ்சிலேயே கிடந்தவன் நான், எனக்கு அளவு தெரியாதா?

உள்ளே போய் உட்கார்ந்தோம். என் எதிரே வைத்தீஸ்வரன். நடுவில் தாசில்தார். அவர் மேசை மேல் தலைவலி மாத்திரையும் தண்ணீரும் தயாராக வைத்திருந்தார். யாரும் பேசவில்லை. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். நான் ஆரம்பிக்க வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். நான் ஆரம்பிக்கவில்லை.

அந்த அமைதி தம்பி! அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வைத்தீஸ்வரன் கழுத்துப் பட்டனைத் தளர்த்திக்கொண்டான். நான் பேசினால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். போனைப் பார்ப்பான், கொட்டாவி விடுவான். நான் பேசாவிட்டால் என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தாசில்தார் காதருகே குனிந்து, "என்ன சார் இது, ஏதோ திட்டத்தோட வந்திருக்காரு போல" என்றான். எனக்குக் காது மரக்கவில்லை, நன்றாகக் கேட்டது.

தாசில்தார்தான் தொடங்கினார். "பெரியவரே, போன தடவை சைக்கிளுக்கு வழி விடறதாச் சொன்னாங்க..."

நான், 'தோழர்களே, சலுகை என்பது' என்று ஆரம்பித்தேன். வெளியே வந்தது "ங்ஙே" என்று ஒரு சத்தம்.

பேச்சியம்மாள் உடனே சொன்னாள்: "அண்ணாச்சி ஏத்துக்கிடலை."

சரிதானே? நான் சொல்ல வந்ததும் அதுதானே? சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவளை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளலாம் என்று. அன்றைக்கு அவள் பேசியதெல்லாம் என் பேச்சுதான். வாய் மட்டும் அவளுடையது.

"ஆட்டோ போற அளவுக்கு?" என்றான் வைத்தீஸ்வரன்.

மரத்த உதட்டில் எச்சில் வழிந்தது. தோள் துண்டால் துடைத்தேன். துண்டில் சிவப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. தாசில்தார் எழுந்தே விட்டார்.

"என்னய்யா இது, ரத்தம்? கன்னமும் வீங்கியிருக்கு! யாரு அடிச்சா?"

"சார், சத்தியமா நாங்க இல்ல சார்!" என்றான் வைத்தீஸ்வரன். யாரும் அவனைக் கேட்கவே இல்லை.

பேச்சியம்மாள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, மெதுவாக, "சொல்லட்டுமா அண்ணாச்சி?" என்றாள். பல் எடுத்ததைச் சொல்லட்டுமா என்று கேட்கிறாள் என நினைத்தேன். வடக்குக்காரன் காதில் விழுந்தால் என்ன ஆவது? வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"அண்ணாச்சி பெருந்தன்மையா விட்டுட்டாக சார். அதைப் பத்திப் பேச வேண்டாம்னுட்டாக. வழியைப் பத்திப் பேசுவோம்."

வைத்தீஸ்வரன் முகத்தில் ஈயாடவில்லை. அவன் வெளியே போய் முதலாளிக்குப் போன் போட்டான். ஜன்னல் வழியாகக் கேட்டது. "இல்ல சார், பேசவே மாட்டேங்கறார் சார்... ஆமா சார், அவரேதான்... ரத்தம் சார்..." திரும்பி வந்து சொன்னான்: "சரி, ஆம்புலன்ஸே போகட்டும். ஆனா அந்தச் சங்க ரூம் அங்க இருக்கிற வரைக்கும் ஆம்புலன்ஸ் எப்படித் திரும்பும்? நாங்க விட்டாலும் அது விடாதே."

பேச்சியம்மாள் யோசிக்கவே இல்லை. "அதை நாங்க இடிச்சிக்கிடுதோம்" என்றாள்.

தம்பி, அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. நான் கட்டிய அறை. என் பேச்சுக்கு எதிரொலி தந்த ஒரே சுவர் அந்த ஊரில் அதுதான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தாசில்தார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். நான் அடிவயிற்றிலிருந்து கர்ஜித்தேன்.

தமிழில் 'ம்' என்றால் சம்மதம். 'ம்ஹூம்' என்றால் மறுப்பு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு 'ஹூ'. அவ்வளவுதான். அந்த 'ஹூ' பஞ்சில் மாட்டிக்கொண்டது.

"ம்ம்ம்."

"பெரியவரே சரின்னுட்டாரு" என்று தாசில்தார் எழுத ஆரம்பித்துவிட்டார்.

தலையை ஆட்டி மறுத்திருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். உங்கள் கண்ணைப் பார்த்தால் தெரிகிறது. நானும் ஆட்டத்தான் போனேன். ஆனால் எதிரே வாசற்படியில் பேச்சியம்மாளின் மருமகள் நின்றாள், நாற்காலியில் தூக்கிப் போனோமே, அந்தப் பெண். இடுப்பில் குழந்தை. அது என்னைப் பார்த்துச் சிரித்தது. அதற்கும் பல் கிடையாது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் தாசில்தார் எழுதி முடித்துவிட்டார். மேலும், வீக்கம் இருக்கும்போது தலையை ஆட்டக் கூடாது.

வெளியே வந்ததும் எனக்குத்தான் மாலை. "தன் கையால கட்டின ரூமையே ஜனங்களுக்காக விட்டுக் கொடுத்துட்டாரு" என்று லைன் வீட்டுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. வாயில் பஞ்சு. பிறகு யோசித்துப் பார்த்தேன், தியாகம்தானே அது? கொடுக்க நினைத்துக் கொடுத்தால் அது தானம். நினைக்காமலே கொடுத்தால்தான் தியாகம்.

அதன் பிறகு தாடை வீங்கிப் பேச முடியாமல் வீட்டில் கிடந்த நாட்கள் இருக்கின்றனவே, பல் எடுத்ததைவிட அதுதான் கஷ்டம். உங்களுக்கும் வரும், கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் சூடாக எதையும் தொடாதீர்கள். ஆறிய கஞ்சி. ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்றார் டாக்டரம்மா. நான் கடைக்குப் போய்க் கூம்பு ஐஸ்கிரீம் ஒன்றை வாங்கி நின்று தின்கிறேன், வடக்குச் சங்கத்து ஆள் ஒருவன் பார்த்துவிட்டு, "என்ன தோழரே, முதலாளித்துவம் குளுகுளுன்னு இருக்கா?" என்கிறான். நக்கிக்கொண்டே முறைத்தேன். அப்படி முறைத்தால் அதற்கு ஒரு கம்பீரம் வரவில்லை. துப்பவும் கூடாது. கம்பெனி பெயரைக் கேட்டதும் துப்பிப் பழகியவன் நான், விழுங்க வேண்டியதாயிற்று. ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது, இளநீரைக் கூடத் தம்ளரில்தான் குடிக்க வேண்டும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். கொப்பளிக்கக் கூடாது, சும்மா வாயில் வைத்துச் சாய்த்துவிட வேண்டும்.

ஒரு அதிசயம் சொல்கிறேன். அந்த நாட்களில் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வருடக்கணக்காக என் வாசலை மிதிக்காதவர்கள். வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருவன் மகன் கல்யாணம், ஒருத்தி மாமியார் கொடுமை, ஒருவனுக்கு மூட்டு வலி. எதிர்வீட்டு ஆவுடையப்பனுக்கு இரண்டு மகள்கள் இருக்கிறார்களாம். எனக்கு இத்தனை காலம் தெரியாது, அவன் சொன்னதே இல்லை. பேசி முடித்துவிட்டு, "உங்ககிட்டப் பேசினா மனசுக்கு ஆறுதலா இருக்கு அண்ணாச்சி" என்று போகிறார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கொள்கை அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது.

நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, பாதைத் திறப்புக் கூட்டம். அறையை இடித்தாகிவிட்டது. சங்கம் இப்போது பேச்சியம்மாள் வீட்டு முன்னறையில் நடக்கிறது. நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள், இதோ பாருங்கள். உங்கள் கைக்குக் கொடுக்க மாட்டேன், ஈரமாகிவிடும். நானே வாசிக்கிறேன். 'சிறப்புரை: தோழர் பேச்சியம்மாள்.' அதற்கு மேலே, கவனியுங்கள், மேலே, கட்டம் கட்டி: 'முன்னிலை: தியாகச் செம்மல் தோழர் சொரிமுத்து.'

முன்னிலை என்றால் என்ன? மேடையில் நடுவில் உட்கார வேண்டும். அவ்வளவுதான். பேச வேண்டியதில்லை. இத்தனை காலம் எனக்குச் 'சிறப்புரை' என்றுதான் போட்டு வந்தார்கள். முதலில் பார்த்தபோது சுருக்கென்றது, மறைக்கவில்லை. "என்ன பேச்சியம்மா இது?" என்று கேட்டேன். "சிறப்புரை யாரும் பேசலாம் அண்ணாச்சி. முன்னிலை வகிக்க ஆளு வேணும்லா?" என்றாள். நியாயம்தான். ஆனாலும் தம்பி, பாதை திறக்கிற அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதா? ஆலை எப்படி வந்தது என்பதை மட்டுமாவது சொல்ல வேண்டாமா? அதனால்தான் அவளிடம் சொல்லாமல் இன்றைக்கே வந்தேன். தையலைப் பிரித்துவிட்டால் வாய் சுதந்திரமாகிவிடும். சுருக்கமாகப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். நடுராத்திரிக்குள் முடித்துவிடுவேன்.

என்ன நர்ஸம்மா? என்னையா கூப்பிட்டீர்கள்? வருகிறேன்... என்ன? இன்றைக்கு இல்லையா? திங்கட்கிழமையா? டாக்டரம்மா உள்ளேதானே இருக்கிறார், மூன்று நிமிஷ வேலை... யார் போன் செய்தது? பேச்சியம்மாளா? எப்போது? நான் இங்கே வருவேன் என்று அவளுக்கு... சரி. சரியம்மா. பஞ்சும் கொடுக்கச் சொன்னாளா? நாளைக்கு வைத்துக்கொள்ள. கொடுங்கள்.

உட்காருங்கள் தம்பி, நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? நானும் கொஞ்சம் உட்கார்கிறேன்.

என் வாயை அடைக்க மூன்று முதலாளிகள் மாறி மாறி முயன்றார்கள். போலீஸ் முயன்றது. வடக்குச் சங்கம் முயன்றது. ஒருவனாலும் முடியவில்லை. கடைசியில் ஒரு பெண்பிள்ளை நாலணாப் பஞ்சை வைத்து...

இல்லை. சே, அப்படியெல்லாம் இருக்காது. என் மேல் அவளுக்கு அக்கறை. தையல் பிரித்த இடத்தில் தூசி பட்டால் சீழ் வைக்கும், கூட்டத்தில் எவ்வளவு தூசி பறக்கும்! எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறாள் பாருங்கள்.

நாளைக்கு மாலை ஐந்து மணிக்கு வாருங்கள். ஆலை வாசலில்தான். ஆட்டோவில் மைக் கட்டிக் காலையிலிருந்து ஊரெல்லாம் அறிவித்துக்கொண்டு போகிறார்கள். "தியாகச் செம்மல் தோழர் சொரிமுத்து அவர்கள் முன்னிலை வகிக்கிறார்கள், அவர்கள் உரையாற்ற மாட்டார்கள்" என்று. இரண்டு தடவை சொல்கிறார்கள், அந்தக் கடைசி வரியை. எந்தத் தலைவருக்கும் இப்படி ஒரு அறிவிப்பை நான் கேட்டதே இல்லை தம்பி. கூட்டம் அலை மோதும் என்கிறார்கள்.